பிளக்கைச் சொருகுமுன் பதினான்கு கண்டென்சர்

பரணிலிருந்து ரேடியோவை இறக்கிக் கூடத்து மேசையில் வைத்ததும் அத்தை செய்த முதல் காரியம், அதன் வயரைக் கையில் எடுத்துக்கொண்டு பிளக் பாயின்ட் எங்கே என்று பார்த்ததுதான்.

"சொருகிப் பாத்துடலாமேடா தம்பி. பாடுதா இல்லையான்னு இப்பவே தெரிஞ்சு போயிடும்."

"வேணாம் அத்தை. இப்ப சொருகினா பாடக்கூடச் செய்யும். அப்புறம்தான் எரியும்."

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. அதற்கு நான்கு வருஷம் முன்பு வேறொரு வால்வு செட்டை (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய் வால்வுகள் வைத்த ரேடியோ) ஆசையாக வாங்கி வந்து, அன்று ராத்திரியே மின்சாரம் கொடுத்தேன். அருமையாகப் பாடியது. இருபது நிமிஷம் கழித்து மெழுகு உருகும் வாசனை, அடுத்து வார்னிஷ் கருகும் வாசனை. நான் எழுந்து ஓடி ஸ்விட்சை அணைப்பதற்குள் ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக் கம்பிச்சுற்று அறுந்துபோயிருந்தது. காரணம், சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு பேப்பர் கண்டென்சர் (காகிதச் சுருளில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்). அந்த இருபது நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. ஐம்பது வருஷம் பிழைத்திருந்த டிரான்ஸ்ஃபார்மரை ஒரே ராத்திரியில் கொன்றேன்.

அதனால் கும்பகோணத்து அத்தை வீட்டு செட்டில் எதையும் அவசரப்பட்டுச் செய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். 2018 ஆடி மாதம், பத்து நாள் மாலை வேளைகளில் செய்த வேலை இது. அப்போது நோட்டில் குறித்து வைத்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

செட் பற்றி முதலில். ஐந்து வால்வு, மூன்று பேண்ட். மீடியம் வேவ் ஒன்று, ஷார்ட் வேவ் இரண்டு. பின்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே ஒரு காகித உறை, அதில் தபால் ஆபீஸ் முத்திரையோடு லைசென்ஸ் புத்தகம். ரேடியோ வைத்திருக்க வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டிய காலம் அது. முதல் முத்திரை 1961. மாமா அந்த வருஷம்தான் வாங்கியிருக்க வேண்டும். மாமா போனபிறகு பரணுக்குப் போனது. அந்தப் பரண் சமையலறைக்கு மேலே இருக்கிறது. கீழே அடுப்பின் சூடும் ஆவியும், ஐப்பசி கார்த்திகையில் காவிரிக்கரை ஈரமும். பேப்பர் கண்டென்சருக்கு இதைவிட மோசமான இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. இது மிக முக்கியம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி-டிசி செட்டுகளும் அந்தக் காலத்தில் நிறைய விற்றன. அவற்றில் வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை நேராக சேஸிஸில், அதாவது பாகங்களைப் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டில், சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். வால்வின் பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: யுசிஎச் 81, யுஎல் 84, யுஒய் 85 என்று யு-வில் தொடங்கினால் வால்வைச் சூடேற்றும் இழைகள் எல்லாம் தொடராகக் கட்டப்பட்ட ஏசி-டிசி செட். அதை, வீட்டு மின்சாரத்திலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் தனித் தடுப்பு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நான் தொடுவதே இல்லை. புதிதாகப் பழகுகிறவர்களும் தொடக்கூடாது. அத்தை வீட்டு செட்டில் இருந்தவை ஈசிஎச் 81, ஈபிஎஃப் 89, ஈபிசி 81, ஈஎல் 84, ஈஇசட் 80. ஐந்துக்கும் 6.3 வோல்ட் இழை. கை வைக்கலாம் என்ற தைரியம் வந்தது.

சேஸிஸைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, பெயின்ட் பிரஷால் தூசி தட்டி, கவிழ்த்து வைத்தேன். பல்லி முட்டை ஓடுகள், ஒரு செத்த கரப்பான், பென்சிலில் யாரோ எழுதிய "12-8-74". அந்தத் தேதிக்குப் பக்கத்தில் மட்டும் பற்றவைத்த ஈயம் கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. ஸ்பீக்கரை இயக்கும் ஈஎல் 84-இன் கேத்தோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனையில்) இருக்கும் சிறிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரை அன்றைக்கு ஒரு மெக்கானிக் மாற்றியிருக்கிறார். சுத்தமான வேலை. லீடுகளுக்கு (கால் கம்பிகளுக்கு) ஸ்லீவ் போட்டு, டேகில் (ஈயம் வைக்கும் சிறு உலோகக் காதில்) ஒரு சுற்று சுற்றி, அளவாக ஈயம் வைத்திருக்கிறார். யார் என்று அத்தைக்கும் நினைவில்லை.

மற்றதெல்லாம் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தன. எல்லாவற்றையும் எண்ணினேன். மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர்கள் பதினொன்று. சேஸிஸுக்கு மேலே அலுமினிய டப்பாவில் 50+50 மைக்ரோஃபாரட் இரட்டை எலக்ட்ரோலிட்டிக் ஒன்று. கேத்தோடு எலக்ட்ரோலிட்டிக் ஒன்று. டப்பாவுக்கு இரண்டு தனிக் கண்டென்சர் போட வேண்டும் என்பதால் வாங்க வேண்டியது மொத்தம் பதினான்கு. இவை தவிர, செம்பழுப்பு நிறத்தில் தட்டையாக இருக்கும் மைக்கா கண்டென்சர்களும் சிறு செராமிக்குகளும் இருந்தன. அவற்றை விட்டுவிட்டேன். மைக்கா கெட்டுப்போவது அபூர்வம். ட்யூனிங் பகுதியிலும், அதையடுத்து ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் ஐஎஃப் பகுதியிலும் இருப்பதைக் காரணமில்லாமல் மாற்றினால் அலைன்மென்ட் (அலைவரிசைப் பொருத்தம்) கலைந்துவிடும். "எல்லாவற்றையும் மாற்றிவிடு" என்று சொல்கிறவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை.

பேப்பர் கண்டென்சர் ஏன் கெடுகிறது என்று ஒன்றை அறுத்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். வேலை முடிந்தபிறகு பழைய 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றை பிளேடால் கீறினேன். மேலே மஞ்சள் மெழுகு, நகத்தால் சுரண்டினால் பிசுபிசுவென்று வருகிறது. அதற்குள் அட்டைக் குழாய். குழாய்க்குள் வெற்றிலை மாதிரி மெல்லிய அலுமினியத் தாளும், அதைவிட மெல்லிய காகிதமும் மாற்றி மாற்றிச் சுற்றப்பட்ட சுருள். விரித்துக்கொண்டே போனேன், முழங்கை நீளம் தாண்டியும் வந்துகொண்டிருந்தது. நடுவில் காகிதம் வெள்ளையாகத்தான் இருந்தது. இரண்டு முனைகளிலும் தேநீர் கொட்டிய மாதிரி பழுப்பு. லீடு உள்ளே நுழையும் இடத்தில் மெழுகு வெடித்து, அந்த வழியாக ஈரம் இறங்கியிருக்கிறது. ஈரம் பட்ட காகிதத்தில் அமிலத்தன்மை ஏறும், அதன் வழியே மின்சாரம் கசியத் தொடங்கும். கண்டென்சர் பாதி ரெசிஸ்டராக மாறிவிடும்.

இந்தக் கசிவை சாதாரண மல்டிமீட்டர் காட்டாது. அதிலிருக்கும் கண்டென்சர் அளவீட்டில் வைத்தால், 0.01 என்று எழுதியிருந்தது 0.016 காட்டியது. பரவாயில்லையே, கூடத்தானே இருக்கிறது என்று தோன்றும். அந்தக் கூடுதலே கசிவால் வரும் பொய்க்கணக்கு. மீட்டர் ஓரிரு வோல்ட்டில் சோதிக்கிறது. ரேடியோவுக்குள் அதே கண்டென்சர் 100, 200 வோல்ட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது. மோட்டார் காயில் கட்டும் நண்பரிடம், 500 வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கும் மெகர் ஒன்றை வாங்கி வந்து வைத்துப் பார்த்தபோது அதே கண்டென்சர் 3 மெகா ஓம் காட்டியது. புதிதாக வாங்கியதில் முள் முடிவிலியை விட்டு அசையவில்லை. பழைய பதினொன்றில் ஒன்றுகூட 20 மெகா ஓம் தாண்டவில்லை.

சாமான் வாங்குவதில் எனக்கு முதலில் குழப்பம் இருந்தது, எண்கள் ஒத்துப்போகவில்லை. பழைய செட்டில் 0.05, 0.02, 0.005 என்று இருக்கும். இப்போது கடையில் 0.047, 0.022, 0.0047 தான் கிடைக்கும். இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது, பழைய கண்டென்சர்களே சொன்ன அளவிலிருந்து இருபது சதவீதம் முன்னே பின்னே இருந்தவைதான். புதியவற்றின் மேல் அளவு குறியீடாக எழுதியிருக்கும். 103 என்றால் 10-க்குப் பின்னால் மூன்று சைபர், அதாவது 10,000 பிக்கோஃபாரட், அதாவது 0.01 மைக்ரோஃபாரட். 473 என்றால் 0.047. 104 என்றால் 0.1. ஒரு முறை மூன்று நான்கு எண்களைத் தாளில் எழுதிப் பழகிவிட்டால் மறக்காது. எல்லாம் 630 வோல்ட் பாலியெஸ்டர் ஃபிலிம் வாங்கினேன். சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் ஒரே கடையில் கிடைத்தது.

இரண்டு இடத்துக்கு மட்டும் சாதாரண ஃபிலிம் போதாது. ஒன்று, ஈஎல் 84-இன் ஆனோடில் (எலக்ட்ரான் வந்து சேரும் தகட்டில்) இருக்கும் 0.005. அங்கே சத்தம் உரக்கப் போகும்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் எதிர்வினையால் மின்னழுத்தம் சப்ளையைவிட மிக மேலே துள்ளும். அதற்கு 1600 வோல்ட் வாங்கினேன். இன்னொன்று, மெயின்ஸ் வயரிலிருந்து சேஸிஸுக்குப் போகும் கண்டென்சர். இது ஷார்ட் ஆனால் குமிழைத் தொடுகிறவர் கையில் ஷாக் அடிக்கும். இதற்கென்று ஒய்2 என்று அச்சிட்ட நீல நிற செராமிக் வட்டு இருக்கிறது. கெட்டாலும் ஷார்ட் ஆகாமல் அறுந்துபோகும்படி செய்தது. வேறு எதையும் அந்த இடத்தில் வைக்கக்கூடாது. பழையதைக் கழற்றியபோது அதன் நடுவில் வெடிப்பு, மெழுகு முழுக்க வழிந்து ஓடியிருந்தது. அத்தை அன்று வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

எலக்ட்ரோலிட்டிக்குக்கு 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், இரண்டு. இங்கேயும் ஒரு கணக்கு உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் 250 வோல்ட் கொடுக்கிறது. வால்வுகள் சூடேறி மின்னோட்டம் இழுப்பதற்கு முன் கண்டென்சரில் ஏறக்கூடிய உச்சம் அதன் 1.414 மடங்கு, சுமார் 353 வோல்ட். பழையதன் மேல் 350 என்று போட்டிருந்தது. இப்போது நம் வீடுகளில் 240 வரை வருகிறது, அதனால் 450-க்குக் குறைந்து வைக்க மாட்டேன். மதிப்பைப் பெரிதாக்கினால் ஹம் (ஸ்பீக்கரில் வரும் முனகல்) குறையுமே என்று 100, 220 என்று போடுகிறவர்கள் உண்டு. ஏசியை டிசியாக மாற்றும் ஈஇசட் 80-க்கு முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக்கூடாது என்று வால்வு தயாரித்தவர்களே வரம்பு வைத்திருக்கிறார்கள். பெரிய கண்டென்சர் ஒவ்வொரு சுழற்சியிலும் குறுகிய நேரத்தில் பெரிய மின்னோட்டத்தை உறிஞ்சும், அதைக் கொடுத்துக் கொடுத்தே அந்த வால்வு செத்துப்போகும்.

டப்பாவை அறுத்து அதற்குள்ளேயே புதியதைப் புதைத்து வைக்கும் நேர்த்தியான வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு எனக்குப் பொறுமை இருந்தது, நல்ல ரம்ப பிளேடு இல்லை. டப்பாவை மேலே அழகுக்காக அப்படியே விட்டுவிட்டு, அடியில் அதற்கு வந்த வயர்களை மட்டும் எடுத்து, புதிதாக ஒரு டேக் ஸ்டிரிப் பொருத்தி இரண்டு கண்டென்சரையும் அதில் வைத்தேன். பழையதைக் கழற்றாமல் புதியதை அதன் மேலேயே இணைத்துவிடக்கூடாது. செத்த எலக்ட்ரோலிட்டிக் என்றைக்கு வேண்டுமானாலும் ஷார்ட் ஆகும். அப்புறம், முதல் கண்டென்சரின் நெகட்டிவை, டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனை சேஸிஸில் சேரும் அதே புள்ளிக்குக் கொண்டுபோனேன். நொடிக்கு நூறு தடவை இந்த இரண்டுக்கும் நடுவில் சார்ஜ் பாய்கிறது. அதை சேஸிஸின் தகடு வழியாக ஓடவிட்டால், எவ்வளவு நல்ல கண்டென்சர் போட்டாலும் ம்ம்ம் என்ற முனகல் மீதி இருக்கும்.

சீரிஸ் போர்டு இல்லாமல் இந்த வேலை செய்யக்கூடாது. நூறு வாட் குண்டு பல்பை மெயின்ஸ் வயரோடு தொடராகக் கட்டி, அதன் வழியாக செட்டுக்கு மின்சாரம் கொடுப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சமாக எரியும், செட் பிழைக்கும். சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். அதைத் தேடித்தான் பெரிய கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் கோயில் தேர் விளக்குக்காக வைத்திருந்த ஒரு டஜனில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார் ஒரு மின்சாமான் கடைக்காரர்.

எலக்ட்ரோலிட்டிக் இரண்டையும் ஒய்2-வையும் மாற்றிய பிறகு, மற்ற பேப்பர்களைத் தொடாமல், ஒரு சோதனை செய்தேன். ஈபிசி 81-இன் ஆனோடிலிருந்து ஈஎல் 84-இன் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனைக்கு) போகும் 0.01. ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குச் சத்தத்தைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சர். என் முந்தைய செட்டைக் கொன்றது இதே இடத்தில் இருந்ததுதான். ஈஎல் 84 வால்வை சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு, சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, சாக்கெட்டின் 2-ஆம் பின்னில் மீட்டரை வைத்தேன். வால்வே இல்லாத இடம். கண்டென்சர் நன்றாக இருந்தால் அங்கே சைபர் காட்ட வேண்டும்.

6 வோல்ட் காட்டியது. கண்டென்சரின் மறுமுனையில் 92 வோல்ட். கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம். கணக்குப் போட்டால் கண்டென்சர் வழியே 12.8 மைக்ரோ ஆம்பியர் கசிகிறது, அதாவது அது கிட்டத்தட்ட 7 மெகா ஓம் ரெசிஸ்டராக இருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஈஎல் 84-க்கு அது அற்பம் இல்லை. அந்த வால்வு வேலை செய்வது கேத்தோடைவிட கிரிட் ஆறேழு வோல்ட் கீழே இருக்கும்போதுதான். கிரிட்டை 6 வோல்ட் மேலே தூக்கினால் 45 மில்லி ஆம்பியரில் நிற்க வேண்டிய மின்னோட்டம் 70-ஐத் தொடும். 12 வாட்டுக்கு மேல் தாங்காத ஆனோடு பதினைந்து வாட்டை நெருங்கும். அவ்வளவு மின்னோட்டமும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி வழியாகத்தான் போக வேண்டும். சேஸிஸ் சூடேற ஏற மெழுகு இளகி கசிவு இன்னும் கூடும். அதனால்தான் இருபது நிமிஷம் பாடிவிட்டு எரிகிறது. உடனே எரிந்தால்கூட ஆள் பக்கத்தில் இருப்பார்.

பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் பெரிய கண்டென்சர்களின் மின்சாரத்தை வடித்துவிட்டு, மீட்டரில் சைபர் பார்த்தபிறகே கை வைத்தேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து டப்பென்று பொறி பறக்க விடுவது சிலருக்குப் பழக்கம். புதுக் கண்டென்சருக்கு அது நல்லதில்லை.

கப்ளிங் கண்டென்சரை மாற்றி அதே சோதனையை மறுபடி செய்தேன். 2-ஆம் பின்னில் 0.00. மீட்டரைத் தட்டிப் பார்த்தேன், பேட்டரி இருக்கிறதா என்று வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன். 0.00 தான். அந்த மூன்று சைபரைப் பார்த்த சந்தோஷம், பின்னால் பாட்டு வந்தபோதுகூட அந்த அளவுக்கு இல்லை.

பழைய லீடுகளை எடுப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் லீடை டேகில் இரண்டு சுற்று சுற்றி, ஒரே டேகில் நான்கு லீடுகளைச் சேர்த்து ஈயம் ஊற்றியிருப்பார்கள். அதைப் பிரிக்கிறேன் என்று இழுத்தால் வால்வு சாக்கெட்டின் பின் கையோடு வந்துவிடும். சாக்கெட் உடைந்தால் ஒன்பது இணைப்பையும் கழற்றி வேறு சாக்கெட் வைக்க வேண்டும். நான் டேக் ஸ்டிரிப்பில் இருந்தவற்றை முழுதாகக் கழற்றினேன். சாக்கெட்டில் இருந்தவற்றுக்கு, பழைய கண்டென்சரின் உடலை வெட்டி எறிந்துவிட்டு லீடில் அரை அங்குலம் மிச்சம் விட்டேன். புதிய கண்டென்சரின் காலைக் குண்டூசியில் நான்கு சுற்று சுற்றினால் குட்டி ஸ்பிரிங் மாதிரி வரும். அதைப் பழைய லீடின் மேல் மாட்டி, பேஸ்ட் தொட்டு ஈயம் வைத்தால் இரும்புப்பிடி. பார்க்க அழகில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சாக்கெட் முழுசாக இருக்கிறதே, எனக்கு அது போதும்.

எலக்ட்ரோலிட்டிக்கில் திசை பார்த்து வைக்க வேண்டும். கேத்தோடு கண்டென்சரில் ப்ளஸ் கேத்தோடு பக்கம், மைனஸ் சேஸிஸ் பக்கம். 74-இல் அந்த மெக்கானிக் வைத்ததைக் கழற்றும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அளந்தால் 50 மைக்ரோஃபாரடுக்கு 4 மிச்சம் இருந்தது, காய்ந்துபோய்விட்டது. 47 வைத்தேன். அவர் போட்டிருந்த ஸ்லீவையே எடுத்துப் புதிய லீடுக்கும் மாட்டினேன்.

மீதியை இரண்டிரண்டாக மாற்றினேன். இரண்டு மாற்றுவது, முன்பே எடுத்து வைத்த போட்டோவோடு ஒப்பிடுவது, சீரிஸ் பல்பில் போட்டுப் பார்ப்பது, அப்புறம்தான் அடுத்த இரண்டு. ஒரே மூச்சில் பதினான்கையும் மாற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். ஆறாவது ஏழாவது மாற்றியபிறகு செட் மூச்சே விடவில்லை. அதற்கு முன் வரை லேசான இரைச்சலாவது இருந்தது. கடைசியாகத் தொட்ட இரண்டில்தான் தப்பு என்பது நிச்சயம் என்பதால் தேட வேண்டிய இடம் உள்ளங்கை அளவுதான். வால்யூம் கன்ட்ரோலின் நடு முனையை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டேன். ஸ்பீக்கர் உறும வேண்டும், உறுமவில்லை. அங்கிருந்து ஈபிசி 81-இன் கிரிட்டுக்குப் போகும் புதுக் கண்டென்சரின் கால், ஸ்லீவ் முடியும் இடத்தில் பக்கத்து எர்த் டேகில் உரசிக்கொண்டிருந்தது. ஒரு முடி இடைவெளி. பென்சில் நுனியால் தள்ளினேன், உறுமியது. பதினான்கையும் மாற்றிவிட்டு இதைத் தேடியிருந்தால் ஒரு வாரம் போயிருக்கும்.

ஸ்டேஷன்களின் சத்தத்தைத் தானாகவே சமன் செய்யும் ஏவிசி வழியில் இருந்த இரண்டு 0.05-ஐ மாற்றியதில்தான் ஸ்டேஷன் பிடிப்பதில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. அந்த வழியில் இருக்கும் ரெசிஸ்டர்கள் மெகா ஓம் கணக்கில் இருப்பதால், சிறு கசிவுகூட ஏவிசி மின்னழுத்தத்தை முழுங்கிவிடும். அதற்கு முன் பக்கத்து ஸ்டேஷன் காதைக் கிழித்தது, தூரத்து ஸ்டேஷன் முணுமுணுத்தது. மாற்றியபின் ஷார்ட் வேவில் சத்தம் ஏறி இறங்குவது பாதியாகக் குறைந்தது. ரெசிஸ்டர்களையும் போகிற போக்கில் அளந்தேன், 220 கிலோ ஓம் ஒன்று 310-க்கு ஏறியிருந்தது. அதையும் இன்னொன்றையும் மாற்றினேன். ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர்களின் திருகைத் தொடவே இல்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு நேராக மின்சாரம் கொடுத்தேன். அதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட்டேஜ் செலக்டரை 220-லிருந்து 245-க்கு மாற்றினேன், மெயின்ஸ் வயரைப் புதிதாகப் போட்டு 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் வைத்தேன். இடது கை பாக்கெட்டில், வலது கையில் மீட்டர். முதல் கண்டென்சரில் 262 வோல்ட். ஈஎல் 84 ஆனோடில் 248, ஸ்கிரீனில் 227, கேத்தோடில் 6.7. கேத்தோடு ரெசிஸ்டர் 150 ஓம் என்பதால் மின்னோட்டம் 45 மில்லி ஆம்பியருக்கு ஒரு நூல் கீழே. கிரிட்டில் சைபர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேத்தோடை மட்டும் அளந்து நோட்டில் எழுதினேன்: 6.7, 6.7, 6.8, 6.8. ஒரு மணி நேரம் கழித்தும் 6.8. கப்ளிங் கண்டென்சர் கசிந்தால் இந்த எண்தான் முதலில் மேலே ஏறும்.

அந்த ஒரு மணி நேரமும் செட் பாடிக்கொண்டுதான் இருந்தது, நான் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸில் உழவர் நிகழ்ச்சி, சம்பா நாற்றங்காலைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். அத்தை எப்போது வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் என்று கவனிக்கவில்லை.

"மாமா இருக்கும்போது வலது பக்கக் குமிழை இவ்ளோ தூரம் திருப்ப வேண்டியதில்லைடா" என்றார்.

அவர் சொன்னது சரி. சத்தம் இன்னும் கொஞ்சம் குறைவுதான். ஈபிஎஃப் 89 களைத்துப்போயிருக்கிறது. வேறொரு வால்வு கிடைத்து மாற்றிய அன்றைக்கு அத்தை குமிழைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

சேஸிஸைப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன், மாற்றிய பதினான்கின் இடம், மதிப்பு, வோல்ட்டேஜ், கடைசியாக அளந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பின்பக்க அட்டையின் உட்புறம் ஒட்டினேன். கீழே, "பிளக்கைச் சொருகுமுன் ஈஎல் 84-ஐக் கழற்றவும், சொருகியபின் 2-ஆம் பின்னில் வோல்ட்டேஜ் பார்க்கவும்" என்று சிவப்பு மையில் ஒரு வரி. சேஸிஸில் "12-8-74"-க்கு அடியில் பென்சிலால் அன்றைய தேதியைப் போட்டேன்.